தானியங்கி விசையும் கைவிசையும்: வீடியோ கேமராவின் கதை

நம் தோட்டங்களில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு மாரியம்மன் திருவிழா என்றால் வீடியோ கேமரா இல்லாமல் நடப்பதில்லை. தோளில் தூக்கிக்கொண்டு வந்த பெரிய கருவி போய், உள்ளங்கையில் அடங்கும் கருவி வந்து, இப்பொழுது கைத்தொலைபேசியே கேமராவாகிவிட்டது. கையடக்கக் கேமரா வைத்திருந்தவர்கள் அதன் பக்கவாட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். நகத்தளவில் ஒரு விசை இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் 'ஆட்டோ', மறு பக்கம் தள்ளினால் 'மேனுவல்'. முதலாவதில் கேமரா தானே எல்லாவற்றையும் முடிவு செய்யும். இரண்டாவதில் நாம் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் அந்த விசையை ஆட்டோவில் விட்டதோடு சரி, பிறகு தொடுவதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுப் பாடத்துக்காக முதியவர் ஒருவரின் நினைவுகளைப் பதிவு செய்து வரும்படி விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நண்பரிடம் ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குப் போனேன். என் ஆயாவை லயத்து வாசலில் உட்கார வைத்தேன். நான் வீட்டுக்குள் நின்றேன். ஆயாவின் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு, அதற்கப்பால் காலை பத்து மணி வெயில். ஜப்பான்காரன் காலத்தில் தம் அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன கதையை ஆயா முக்கால் மணி நேரம் சொன்னார். அன்றிரவு தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். கதவுக்கு வெளியே வாழை மரம் இலை இலையாகத் தெரிந்தது. எதிர் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. ஆயா இருந்த இடத்தில் கரிக்கட்டைபோல் ஓர் உருவம் மட்டும் இருந்தது.

"ஏய்யா, கொரலு என்னுதாத்தான் இருக்கு. மூஞ்சியைக் காணோமே?" என்றார் ஆயா.

கேமரா பழுதாகவில்லை. அது தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. அதற்கு யார், எப்பொழுது, என்ன சொல்லி வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியபோதுதான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அக்காலத்தில் தானியங்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, வில்லையை எத்தனை நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் படம் எடுப்பவர் தம் கண்ணாலும் பழக்கத்தாலும் அறிய வேண்டும். நம் பால்மரம் வெட்டுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்தாவிட்டால் மரத்தில் காயம்படும் என்பதை எந்த அளவுகோலும் சொல்வதில்லை, கைதான் சொல்கிறது. அப்படிப்பட்ட கைத்திறன் அது. 1888-இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொத்தானை அமுக்குவது மட்டுமே வாங்கியவரின் வேலை, கழுவி எடுப்பதெல்லாம் கம்பெனியின் வேலை என்று விளம்பரம் செய்தார். ஆனால் அந்தப் பெட்டிக்கு வெளிச்சத்தை அளக்கத் தெரியாது. நல்ல வெயிலில் எடுத்தால் படம் வரும், இல்லாவிட்டால் வராது.

வெளிச்சத்தை அளக்கும் பொருள் வேறொரு தொழிலிலிருந்து வந்தது. அதில் நமது மண்ணுக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் கன்று இந்நாட்டுக்கு வருவதற்கு முன்னரே இங்குள்ள காடுகளில் தாபான் என்னும் மரம் இருந்தது. அதன் பாலிலிருந்து கிடைப்பது கெத்தா பெர்ச்சா. 1840-களில் சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடல் நீரில் கெடாத பொருள் இது என்று கண்டவுடன், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதைப் பூசத் தொடங்கினார்கள். ரப்பர் மரத்தைப்போல் கீறிப் பால் எடுக்காமல், மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்ததால், கணக்கற்ற மரங்கள் அழிந்தன. நிற்க. அந்தக் கடலடிக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர். சோதனைக்காக அவர் செலினியம் என்னும் தனிமத்தின் கோல்களைப் பயன்படுத்தினார். அவை ஒரு நேரம் ஓர் அளவும், இன்னொரு நேரம் வேறோர் அளவும் காட்டிக் குழப்பின. ஆராய்ந்து பார்த்தபோது, வெளிச்சம் படும்பொழுது செலினியத்தில் மின்சாரம் எளிதாக ஓடுகிறது, இருட்டில் அவ்வாறு ஓடுவதில்லை என்பது தெரிந்தது. 1873-இல் இதை அவர் வெளியிட்டார். இரும்புக்கும் செம்புக்கும் இல்லாத கண் செலினியத்துக்கு இருந்தது எனலாம்.

அந்தக் கண்ணைக் கேமராவில் பொருத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1936-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் கேமரா பற்றியது அது. விண்ணப்பித்தவர் இருவர். ஒருவர் கஸ்தவ் பக்கி என்ற மருத்துவர். மற்றவர் பெயரைச் சொன்னால் வியப்படைவீர்கள்: ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்! ஆனால் அவர்களுடைய கேமரா கடைக்கு வரவில்லை. 1938-இல் கோடாக் நிறுவனம் சூப்பர் சிக்ஸ்-20 என்ற கேமராவை விற்றது. விலை 225 டாலர். சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத பணம். ஆயிரம்கூட விற்கவில்லை. ஆயினும் வெளிச்சத்தைத் தானே அளந்து, வில்லையின் துவாரத்தைத் தானே அமைத்துக்கொண்ட முதல் விற்பனைக் கேமரா அதுவே.

போருக்குப் பின்னர் 1950-களின் பிற்பகுதியில், வீட்டில் பயன்படுத்தும் சிறு சினிமாக் கேமராக்களில் 'மின்கண்' வந்தது. பின்னாளில் வந்த வீடியோ கேமராவுக்கு இவைதாம் மூத்த பிள்ளைகள். இவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்ற வழக்கில் சாட்சியானது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1963 நவம்பர் 22. அமெரிக்காவின் டாலஸ் நகரம். ஏப்ரகாம் சப்ரூடர் என்பவர் பெண்கள் உடை தயாரிக்கும் தொழில் நடத்தி வந்தவர். அன்று ஜனாதிபதி ஜான் கென்னடி ஊர்வலமாக வருகிறார். சப்ரூடர் கேமராவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பப் போய் எடுத்து வந்தார். அது பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் 8 மில்லிமீட்டர் கேமரா. சாவி முறுக்கி ஓட விடுவது. வெளிச்சத்தை மின்கண் பார்த்துக்கொள்ளும். ஆகவே சப்ரூடர் கவனிக்க வேண்டியவை இரண்டே: ஆளைச் சட்டத்துக்குள் வைத்திருப்பது, விசையை அமுக்கிப் பிடித்திருப்பது. உயரமான சிமென்டுக் கட்டையின்மேல் ஏறி நின்றார். அவருக்குத் தலைசுற்றும் தொல்லை உண்டு. அவருடைய அலுவலகப் பெண்மணி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். கார் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஜனாதிபதி சாய்ந்தார். சப்ரூடரின் விரல் விசையை விடவில்லை. 26 விநாடிகளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் 486 படங்கள் பதிவாயின.

பிறகு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடுகளுக்கு இடையே எவ்வளவு நேரம்? ஒருவன் ஒரே துப்பாக்கியால் அத்தனை விரைவாகச் சுட முடியுமா? யாரும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் படச்சுருளே கடிகாரமாயிற்று. ஆனால் அக்கேமராவில் வேக விசை ஒன்று இருந்தது. அதில் மூன்று நிலைகள்: சாதாரண ஓட்டம், மெதுவோட்டம், ஒவ்வொரு படமாக எடுப்பது. சாதாரண ஓட்டத்துக்கு விநாடிக்கு 16 படங்கள் என்றும், மெதுவோட்டத்துக்கு 48 என்றும் கணக்கு. விசை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்து நேரக் கணக்கு மூன்று மடங்கு மாறிவிடும்! அந்தக் கேமராவையே வாங்கி ஓட்டிப் பார்த்துச் சோதித்தார்கள். விசை சாதாரண ஓட்டத்தில்தான் இருந்தது. ஆனால் உண்மை வேகம் 16 அல்ல, சராசரி 18.3 என்று தெரிந்தது. அந்த எண்ணை வைத்தே ஆணையம் தன் நேரக் கணக்கைப் போட்டது. ஒரு குடும்பத்து விளையாட்டுக் கருவியின் விசை நிலை, ஒரு நாட்டின் சரித்திரத்துக்கு ஆவணமாகிவிட்டது.

படச்சுருளை விட்டு ஒளிநாடாவுக்கு வருவோம். 1967-இல் சோனி நிறுவனம் போர்ட்டாபேக் என்ற கருவியை வெளியிட்டது. கேமரா ஒரு கையில், பதிவுக் கருவி தோளில். இரண்டுக்கும் இடையே கம்பி. கறுப்பு வெள்ளைதான். 1983-இல் இரண்டும் ஒன்றான பீட்டாமூவி வந்தது. அதிலும் ஒரு குறை: பதிவு செய்யும், ஆனால் எடுத்ததைத் திரும்பப் போட்டுக் காட்டாது. மறு ஆண்டில் ஜேவிசி நிறுவனத்தின் சிறு நாடாக் கேமரா வந்தது, அதற்கடுத்த ஆண்டில் 8 மில்லிமீட்டர் நாடாவில் சோனியின் கேமரா வந்தது. இவற்றை வாங்கியவர்கள் தொழில்காரர்கள் அல்லர். பிள்ளையின் பிறந்த நாளைப் படம் பிடிக்கும் பெற்றோர்கள். அவர்களுக்காகவே எல்லாவற்றையும் ஆட்டோவாக்கினார்கள். ஆயினும் விவரம் தெரிந்தவர்கள் கைக்கட்டுப்பாடு கேட்டார்கள். இருவரையும் மனத்தில் வைத்துச் செய்த சமரசம்தான் அந்த நகத்தளவு விசை. சில கருவிகளில் மூன்றாவது நிலையும் வந்தது. கையால் அமைத்ததை அப்படியே பூட்டிவைக்கும் 'ஹோல்ட்' நிலை அது. கை தவறிப் பட்டாலும் அமைப்பு மாறாது.

இனி, ஆட்டோ நிலை என்னதான் செய்கிறது? வில்லைக்குள் ஐரிஸ் என்ற தகட்டு வளையம் இருக்கிறது. அது நம் கண்ணின் பாப்பாவைப்போல் விரியும், சுருங்கும். கேமரா தன்முன் உள்ள காட்சி முழுவதன் வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி பார்க்கிறது. சராசரி கூடுதலாக இருந்தால் ஐரிஸைச் சுருக்குகிறது, குறைந்தால் விரிக்கிறது. விரித்தும் போதாவிட்டால் மின்குறியைப் பெருக்குகிறது. அப்பொழுதுதான் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துள்ளும். உலகத்தில் எல்லாக் காட்சியும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் எண்ணம். என் ஆயா கதவு வழியாக வந்த வெயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டத்தில் பெரும்பகுதி வெயில். கேமரா வெயிலுக்கு ஐரிஸைச் சுருக்கியது. ஆயாவின் முகம் இருட்டுக்குப் போயிற்று. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. முகம் என்றாலும் ஒன்றுதான், வாழையிலை என்றாலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்ணப் புகைப்படக் கூடங்களில் நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். 1950-களிலிருந்து கோடாக் அனுப்பிய அந்தப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவரின் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அவருடைய தோல் நன்றாகத் தெரிந்தால் அச்சு சரி என்பது கணக்கு. கறுத்த தோலில் உள்ள நுணுக்கமான நிழல்களை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் சேர்ந்து நின்ற பள்ளிக்கூடப் படங்களில் ஒரு பிள்ளைக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. லோர்னா ராத் என்ற கனடியப் பேராசிரியர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோடாக் சுருளைத் திருத்தியதற்கு ஒரு காரணம், சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது என்பது அவர் ஆய்வில் வெளிவந்த செய்தி. மனிதரின் புகாரைவிடச் சாக்லெட்டின் புகார் காதில் விழுந்திருக்கிறது! வெள்ளைச் சுவரின் முன்னால், பளபளக்கும் வெள்ளிச் சரிகைப் புடவையில் நிற்கும் நம் மணப்பெண்ணின் முகம் வீடியோவில் ஏன் மங்குகிறது என்று வருந்திய தாய்மார்கள் பலர். பெண்ணின் நிறத்தில் குறை ஏதுமில்லை. சுவரையும் சரிகையையும் பார்த்துக் கேமரா கண்ணைச் சுருக்கிக்கொண்டதுதான் காரணம். அப்பொழுது விசையை மேனுவலுக்குத் தள்ளி, முகம் தெளியும் வரை ஐரிஸைத் திறக்க வேண்டும். சுவர் வெளுத்துப் போகட்டுமே! சுவரைப் பார்க்கவா வந்தோம்? சில கேமராக்களில் இதற்கென்றே 'பேக்லைட்' என்ற பொத்தானும் உண்டு.

கூர்மை அமைப்பதிலும் இதே கதைதான். பெரும்பாலான வீடியோ கேமராக்கள் ஒரு முறையைக் கையாண்டன. பொறியாளர்கள் அதை மலையேற்றம் என்பார்கள். படம் கூர்மையாக இருந்தால் அதன் ஓரங்கள் அழுத்தமாகத் தெரியும். கேமரா வில்லையைச் சிறிது முன்னே நகர்த்தி, அழுத்தம் கூடுகிறதா என்று பார்க்கிறது. கூடினால் இன்னும் நகர்த்துகிறது. குறையத் தொடங்கியதும், உச்சியைத் தாண்டிவிட்டோம் என்று திரும்பி வருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மேடேறுபவர் காலால் தடவிச் சிகரத்தைக் கண்டுபிடிப்பதுபோல. கோயிலில் சாம்பிராணிப் புகை எழும்பும்போது இதற்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. முன்னே போகும், பின்னே வரும். அம்மன் மங்கலாகி, தெளிந்து, மீண்டும் மங்குவாள். அனுபவமுள்ளவர்கள் தீபாராதனைக்கு முன்னரே கூர்மையை அமைத்து, விசையைக் கைக்கு மாற்றிவிடுவார்கள்.

நிறத்துக்கும் ஒரு விசை உண்டு. மஞ்சள் குண்டு விளக்கும் நண்பகல் வெயிலும் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றினாலும் அவை ஒன்றல்ல. முன்னதன் அளவு ஏறத்தாழ 3200, பின்னது 5600. கேமரா இதை ஊகிக்கும். சில வேளை தவறாக ஊகிக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று நாமே சொல்லிக் கொடுக்கலாம். ஒலியிலும் தானியங்கி உண்டு. அது கேமராவைவிட மூத்தது, வானொலியில் பிறந்தது. 1925-இல் ஹரல்ட் வீலர் என்ற அமெரிக்கர் தொலைதூர நிலையமும் பக்கத்து நிலையமும் ஒரே அளவில் கேட்கும்படி ஒலியைத் தானே சமன் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அதே முறை கேமராவிலும் இருப்பதால்தான், நாதஸ்வரம் நின்றதும் மண்டபத்து மின்விசிறி இரைச்சல் திடீரென்று உயர்கிறது.

கைத்தொலைபேசியில் விசை எங்கே என்று கேட்பீர்கள். அங்கும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பல தொலைபேசிகளில் வெளிச்சமும் கூர்மையும் அந்த முகத்துக்கே பூட்டப்படும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு முறைதான் சொன்னேன். மறுநாள் எனக்கே பாடம் எடுத்தார்கள்.

ஆயாவின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பள்ளி விடுமுறையில் அதே கேமராவுடன் திரும்பப் போனேன். ஆயாவை வேறு இடத்தில் உட்காரச் சொன்னேன். "என் வாசல்லதான் ஒக்காருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே விசையை மேனுவலுக்குத் தள்ளி, ஐரிஸ் சக்கரத்தைத் திருப்பினேன். கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தி, நெற்றியில் விபூதி எல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பின்னால் கதவு வெள்ளை வெளேரென்று எரிந்துபோயிற்று. கதையை மறுபடியும் சொன்னார். ஆனால் அண்ணன் லாரியில் ஏறும்பொழுது என்ன சொன்னார் என்ற இடம் வந்ததும், "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை.

சில ஆண்டுகளில் ஆயா காலமானார். பின்னர் அந்தத் தோட்டமும் விற்கப்பட்டது, லயங்களை இடித்துவிட்டார்கள். இரண்டு நாடாக்களும் என்னிடம் இருக்கின்றன. முகம் வேண்டுமென்றால் இரண்டாவதைப் போடுவோம். அண்ணன் சொன்ன வார்த்தை முதல் நாடாவில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, என் பெரியப்பா அந்த முதல் நாடாவைப் போடச் சொன்னார். இருண்ட உருவத்துக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்த வாழை மரத்தையும், எதிர் லயத்தையும், தண்ணீர்க் குழாயையும் காட்டி, அந்த மூன்றாவது கதவு யாருடைய வீடு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.